ஃப்ரேம் ஊர்க் கடையிலா, கடல் தாண்டியா?

சைக்கிள் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மவுண்டன் சைக்கிளில் ஹெட் டியூப் (ஹேண்டிலும் ஃபோர்க்கும் சேருகிற முன்குழாய்) ஓரமாகக் கீறல் விழுந்துவிட்டது. 26 அங்குலச் சக்கரம், டிஸ்க் பிரேக். ஃப்ரேமைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது. ஊர்க் கடைகளில் கேட்டால், "ஃப்ரேம் தனியா வராது அண்ணாச்சி, முழு சைக்கிளா எடுத்துக்கோங்க" என்கிறார்கள். வெளிநாட்டுக் கடைகளின் இணையப் பக்கத்தில் ஃப்ரேம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. வரவழைத்துவிடலாமா?
பாளையங்கோட்டை வாசகர்

பதில்: அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடல் அச்சு ஓடுகிற குழாயின் அடியைப் பாருங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் ஃப்ரேம் எண்ணை அங்கேதான் குத்தியிருப்பார்கள். அந்த எண்ணும் பில்லும் கையில் இருந்தால், "ஃப்ரேம் விலைக்கு வேண்டும்" என்று கேட்காமல் "வாரண்டியில் மாற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள். மற்ற பாகங்களைவிட ஃப்ரேமுக்கு நீண்ட வாரண்டி கொடுப்பது கம்பெனிகளின் வழக்கம். ஆனால் ஹெட் டியூபில் இருந்து பெடல் குழாய்க்கு இறங்கும் டவுன் டியூபின் அடிப்பக்கம் பெயின்ட் சுருங்கி, தகடு லேசாக மடிந்ததுபோல் இருந்தால் அது முன்சக்கரம் எங்கோ மோதியதால் வந்தது. அதற்கு வாரண்டி கிடைக்காது. வெல்டிங் ஓரத்தில் முடிபோல மெல்லிய கீறல் மட்டும் இருந்தால் தைரியமாகக் கேட்கலாம்.

வாரண்டி இல்லை என்றாகிவிட்டால், "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்கிற உங்கள் கணக்கை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பாகம் புது ஃப்ரேமில் உட்காரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சக்கரத்தில் இருந்து தொடங்குவோம். 26 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ. இன்று விற்கிற ஃப்ரேம்களில் பெரும்பாலானவை 27.5 அங்குலத்துக்கு, அதாவது 584 மி.மீ.க்கு, அல்லது 29 அங்குலத்துக்கு, அதாவது 622 மி.மீ.க்குச் செய்யப்பட்டவை. டிஸ்க் பிரேக் என்பதால் சின்னச் சக்கரத்தைப் பெரிய ஃப்ரேமில் மாட்ட முடியும்தான். ஆனால் 27.5 ஃப்ரேமில் 26 மாட்டினால் பெடல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். கல் கிடக்கிற பாதையில் பெடல் போய் இடிக்கும்.

அடுத்தது பின் ஹப், அதாவது சக்கரத்தின் நடு உருளை. உங்களுடையது குயிக் ரிலீஸ் (கைப்பிடியைத் திருப்பிக் கழற்றும் மெல்லிய அச்சு) என்றால் அகலம் 135 மி.மீ. ஆக இருக்கும். புது ஃப்ரேம்களில் பூஸ்ட் என்கிற 148 மி.மீ. அகலமும் ஹப்பின் ஊடே நுழைந்து ஃப்ரேமில் முடுக்கப்படும் 12 மி.மீ. தடிமனான ஊடச்சும்தான் சாதாரணம். சில ஹப்களுக்கு முனை மூடியை மட்டும் மாற்றி 142 மி.மீ. ஆக்கலாம், 135-ஐ 148 ஆக்குவது உருப்படியான வேலை இல்லை. ஆக, பின்சக்கரம் புதிதாக வேண்டும்.

முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் விஷயத்தில் ஓரளவு நல்ல செய்தி. உங்கள் ஃபோர்க்கின் மேல்தண்டு கீழ் வரை ஒரே தடிமன், 28.6 மி.மீ. என்றால், கீழே அகன்ற டேப்பர் ஹெட் டியூபிலும் அடாப்டர் போட்டு மாட்டலாம். இதற்கு நேர் எதிராக, டேப்பர் ஃபோர்க்கைப் பழைய 34 மி.மீ. நேர் குழாயில் நுழைக்க வழியே இல்லை. உயரத்தையும் கவனியுங்கள். ஃபோர்க் 20 மி.மீ. குட்டையானால் ஹெட் டியூபின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிரும். இறக்கத்தில் ஹேண்டில் பதற்றமாகும்.

சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்டில் 27.2 மி.மீ.யை 31.6 ஆக்க, இடைவெளியை நிரப்பும் ஷிம் குழல் போதும். தடித்த போஸ்டை மெலிந்த குழாயில் இறக்க முடியாது. முன் டிரெயிலியர் (கியர் மாற்றும்போது செயினைத் தள்ளும் பாகம்) மாட்ட இடமே விடாத ஃப்ரேம்களும் நிறைய. எல்லாம் கழித்த பிறகு ஹேண்டில், பிரேக், சீட், பெடல் மிஞ்சும். முக்கால் சைக்கிள் வாங்கியதாகிவிடும். தொழிற்சாலைக்குப் பாகங்கள் மொத்த விலையில் போகின்றன, நமக்கு ஒவ்வொன்றும் சில்லறை விலை. அதனால் உங்களுக்கு எங்கள் யோசனை: இதே 26 அங்குல, டிஸ்க் பிரேக் போட்ட பழைய சைக்கிள் ஒன்றை முழுசாக வாங்கி, அதன் ஃப்ரேமில் உங்கள் நல்ல பாகங்களை ஏற்றுங்கள். வாங்கும் முன் ஹெட் டியூப், பெடல் குழாய், சீட் குழாய் உச்சி ஆகிய இடங்களின் வெல்டிங்கை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெயிலில் பாருங்கள்.

வெளிநாட்டில் வாங்குவது யாருக்கு நியாயம் என்றால், பாகங்கள் எல்லாம் புது அளவில் வைத்திருப்பவருக்கு. உயரம் காரணமாக இங்கே அளவு கிடைக்காதவருக்கு. நல்ல குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) ஸ்டீல் ஃப்ரேம்தான் வேண்டும் என்று தெரிந்து கேட்பவருக்கு. அவர்களும் பெடல் குழாய் மரை போட்டதா என்று பார்த்து வாங்க வேண்டும். 73 மி.மீ. அகலத்தில் பிஎஸ்ஏ என்கிற வழக்கமான மரை என்றால் நம் ஊர் மெக்கானிக் கழற்றி மாட்டுவார். அழுத்திப் பொருத்தும் பிரஸ்-ஃபிட் வகைக்கு வாய்க்கால்கரை மணலும் ஈரமும் சேர்ந்தால் கிறீச் கிறீச் என்று சத்தம் வரும். கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டினால் குழாயே முட்டை வடிவாகிவிடும்.

கேள்வி: ஜெர்மன் கடை ஒன்றில் ஃப்ரேம் விலை 595 யூரோ என்று போட்டிருக்கிறது. கைக்கு வந்து சேரும்போது எவ்வளவு ஆகும்? அன்பளிப்பு என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி மிச்சமாகுமா?
அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: ஒரு கணக்கு உங்களுக்குச் சாதகம். ஜெர்மனியில் போட்டிருக்கும் விலை 19 சதவீத வாட் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும்போது கடைக்காரர் அதைக் கழிக்கலாம். 595 என்பது 500 ஆகும். இந்திய முகவரியைப் போட்ட பிறகு விலை குறைகிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

இனி செலவு. ஃப்ரேம் எடை இரண்டு, மூன்று கிலோதான். கூரியர்காரர் பெட்டியின் பருமனுக்குக் காசு கேட்பார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது அவர்கள் வழக்கம். 95, 55, 22 அளவுள்ள பெட்டி 23 கிலோவாகக் கணக்காகும். கடைக்காரரிடம் பெட்டி அளவை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

சுங்கவரி ஃப்ரேம் விலைக்கு மட்டும் இல்லை. அனுப்புச் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. கணக்கு ஓடும் விதம் இது. ஃப்ரேம் 50,000 ரூபாய், அனுப்புச் செலவும் காப்பீடும் 10,000 என்று வைப்போம். கூட்டு 60,000. அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதம் என்று கொண்டால் 12,000. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி 1,200. இப்போது 73,200. இந்த மொத்தத்தின் மேல் இறக்குமதிக்கு விதிக்கும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 5 சதவீதம் என்றால் 3,660. ஆக 76,860. கூரியர் கம்பெனி சுங்கத்தில் எடுத்துத் தரும் கட்டணமும், கார்டில் வெளிநாட்டுப் பணம் கட்டுவதற்கு வங்கி பிடிப்பதும் தனி.

சதவீதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். பணம் கட்டுகிற வாரத்து விகிதத்தைப் பாருங்கள். சைக்கிள் ஃப்ரேமுக்குரிய சுங்கத் தலைப்பு எண் 8714 91. சொந்தப் பயன்பாட்டுப் பார்சல் என்று 9804 தலைப்பில் கொண்டுபோனால் விகிதம் வேறாகும். எந்தத் தலைப்பில் பதிவு செய்வார்கள் என்று கூரியர் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரோ பான் கார்டோ கேட்பார்கள். உடனே அனுப்பாவிட்டால் பார்சல் கிடப்பில் கிடந்து வாடகை ஏறும்.

அன்பளிப்பு யோசனையை விட்டுவிடுங்கள். 2019 டிசம்பரில் இருந்து தபால், கூரியர் வழி வரும் அன்பளிப்புக்கு வரிவிலக்கு கிடையாது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் உண்டு. விலையைக் குறைத்து எழுதுவதும் தப்பு. பார்சல் நசுங்கி வந்தால் எழுதிய அந்தச் சின்னத் தொகைக்குத்தான் காப்பீடு கிடைக்கும்.

கேள்வி: என் உயரம் 5 அடி 3 அங்குலம். ஏறிப் பார்க்காமல் எப்படி அளவு தேர்ந்தெடுப்பது? ஒரு கம்பெனியின் எஸ், இன்னொரு கம்பெனியின் எம் போல இருக்கிறதே!
வள்ளியூர் வாசகி

பதில்: எழுத்தை நம்பாதீர்கள். ரீச், ஸ்டாக் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். உங்களுக்கு உடம்பு வலிக்காமல் ஓட்ட முடிகிற சைக்கிள் ஒன்றில் அவற்றை நீங்களே எடுக்கலாம். சமதரையில் சைக்கிளை நேராக நிறுத்தி, ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கொத்தனார் தூக்குக்குண்டின் நூலை ஹெட் டியூப் மேல்விளிம்பின் நடுவுக்கு நேராகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். குண்டு ஆடி நிற்கட்டும். பெடல் அச்சின் மையத்தில் இருந்து நூல் வரை கிடைமட்டமாக எத்தனை மி.மீ. என்று அளந்தால் அது ரீச். பெடல் அச்சின் மையத்துக்கும் ஹெட் டியூப் மேல்விளிம்புக்கும் இடையே உள்ள உயரம் ஸ்டாக். இரண்டு எண்களையும் கம்பெனி கொடுக்கும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ரீச் 10 மி.மீ. கூடினால், ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கிச் சமாளிக்கலாம். 30 மி.மீ. கூடினால் சமாளிக்க முடியாது, வேறு அளவு பாருங்கள். இருபுறமும் காலைத் தரையில் ஊன்றி நிற்கும்போது ஃப்ரேமின் குறுக்குக் குழாய்க்கு மேல் இடைவெளி இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். இதற்கெல்லாம் நேரில் ஏறிப் பார்ப்பதே மேல். கடையில் வாங்குவதன் பெரிய லாபம் இதுதான்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்து ஃப்ரேம் வந்துவிட்டது. பூட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?
தென்காசி வாசகர்

பதில்: பெட்டியை உடைப்பதில் இருந்து வீடியோ எடுத்திருந்தால் நல்லது. பின்சக்கரம் உட்காரும் பின்பக்கக் கவைக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் முட்டு வைத்து அனுப்பியிருக்க வேண்டும். அது இல்லாமல் வந்திருந்தால் வழியில் கவை நசுங்கியிருக்கலாம். உள் அகலத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். 148 என்று சொன்னது 148 இருக்க வேண்டும்.

பிறகு நூல் சோதனை. பின்பக்கக் கவையின் ஒரு முனையில் தையல் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் இழுத்துக் கட்டுங்கள். நூல் தளராமல் விறைப்பாக நிற்க வேண்டும். இப்போது சீட் குழாயின் இருபக்கமும் நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இடது 31, வலது 31 என்று வந்தால் ஃப்ரேம் நேர். 1 மி.மீ. வித்தியாசம் பொறுக்கலாம். 3 மி.மீ. என்றால் ஃப்ரேம் கோணல். பாகம் எதையும் மாட்டாமல் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். மாட்டிவிட்டால் திருப்பி வாங்க மறுப்பார்கள்.

பெடல் குழாய் மரையில் பெயின்ட் பிசிறு இருக்கும். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, பேரிங் கப்பைக் கையாலேயே மூன்று சுற்று ஏற்றுங்கள். செயின் பக்கத்துக் கப் இடப்புறமாகச் சுற்றி இறுகும். இது தெரியாமல் ஸ்பேனரால் மல்லுக்கட்டி மரையை அழித்தால் ஃப்ரேமே போச்சு.

பின் டிரெயிலியர் தொங்கும் ஹேங்கர் துண்டு கூடுதலாக இரண்டு இப்போதே வாங்குங்கள். சைக்கிள் பாறையில் சாய்ந்தால் ஃப்ரேமுக்குப் பதில் வளைவதற்கென்றே அதை மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அதன் வடிவம் வேறு. யூடிஹெச் என்ற பொது ஹேங்கர் உள்ள ஃப்ரேம் என்றால் இந்தக் கவலை இல்லை. ஊடச்சு இல்லாமல் வந்திருந்தால் மரை இடைவெளியைக் கேட்டு வாங்குங்கள். 12 மி.மீ. அச்சிலேயே 1.0, 1.5, 1.75 என்று மூன்று உண்டு. ஒன்று மற்றதில் ஏறாது.

கேள்வி: கடற்கரையில் குடியிருக்கிறோம். ஸ்டீல் ஃப்ரேம் தாங்குமா?
உவரி வாசகர்

பதில்: தாங்கும், உள்பக்கத்தைக் கவனித்தால். பூட்டும் முன் குழாய்களுக்குள் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, திருப்பித் திருப்பி ஓடவிட்டு, இரண்டு நாள் வடியவிடுங்கள். பெடல் குழாயின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை இருந்தால் அது அடைபடாமல் இருக்கட்டும். அலுமினியம் துருப்பிடிக்காது என்று நிம்மதியாக இருக்கவும் கூடாது. உப்புக்காற்றில் ஸ்டீல் போல்ட் அதில் கடித்துக்கொள்ளும். சீட் போஸ்டை மாதம் ஒருமுறை உருவி, துடைத்து, கிரீஸ் போட்டு இறக்குங்கள். ஆறு மாதம் விட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டி வரலாம்.

கேள்வி: கீறல் விட்ட ஃப்ரேமை வெல்டிங் வைத்து ஓட்டலாமா?
களக்காடு வாசகர்

பதில்: ஸ்டீல் என்றால், பித்தளை வைத்து கேஸ் வெல்டிங் பிடிக்கிற நல்ல கைகள் இன்னும் உண்டு, சீட் பக்கத்துக் கீறலுக்குச் செய்யலாம். அலுமினியம் வேண்டாம். 6061 வகை அலுமினியம் வெல்டிங் சூட்டில் வலு இழக்கும். ஃப்ரேம் முழுவதையும் சூளையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் வலு திரும்பும். ஹெட் டியூப் கீறல் என்றால் எந்த உலோகமானாலும் அந்த ஃப்ரேமில் ஏறாதீர்கள்.