அலாஸ்காவின் யூபிக் கடலோரக் கிராமத்தில் ஒரு வருடம் எப்படிப் போகும்?

அலாஸ்காவின் பூர்வகுடிகளான யூபிக் மக்கள் வாழும் நெல்சன் தீவில், டோக்சுக் பே என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் ஆசிரியராக இருந்தேன். பெரிங் கடலோரம், சுமார் 650 பேர். வெளியே போகச் சாலை கிடையாது. பெத்தேல் என்ற ஊரிலிருந்து சின்ன விமானம் வந்தால்தான் தபாலும் கடைச் சரக்கும்.

கடலில் பனி உடைந்ததும் கடல்நாய் வேட்டை தொடங்கும். ஒரு பையன் முதல்முறை வேட்டையாடிக் கொண்டுவந்ததை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஊர்ப் பெண்கள் வாசலில் கூடியதும், இறைச்சியையும் கொழுப்பையும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பெண்கள் படியில் நின்று துணி, நூல், மிட்டாய் என்று கூட்டத்துக்குள் வீசுவார்கள். இதற்கு உகிகுக் என்று பெயர். என் மாணவன் ஒருவனின் பாட்டி இதற்காகவே மாதக்கணக்கில் பொருள் சேர்த்து வைத்திருந்தார். அன்று அந்தப் பாட்டியின் முகத்தில் இருந்த பெருமிதம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்புறம் ஹெர்ரிங் மீன். குடல் எடுத்து, புல்லோடு சேர்த்துச் சடை பின்னுவதுபோல் பின்னித் தொங்கவிடுவார்கள். அடுத்து சால்மன், பிறை வடிவக் கத்தியால் பெண்கள் கீறும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஜூனில் நள்ளிரவு தாண்டித்தான் சூரியன் மறையும், அதனால் யாரும் நேரம் பார்ப்பதில்லை. ஆகஸ்டில் மரமே இல்லாத தூந்திரத்தில் பழம் பறிப்பார்கள். கொழுப்பும் சர்க்கரையும் அடித்துப் பழம் கலந்தால் அகுதக். அந்தச் சொல்லுக்கே கலந்தது என்றுதான் அர்த்தம். இலையுதிர் காலத்தில் தூந்திர எலிகள் வளையில் சேர்த்த கிழங்குகளைத் தேடுவார்கள். மொத்தத்தையும் எடுப்பதில்லை; எலிக்குப் பங்கு விட்டு, பதிலுக்குக் கொஞ்சம் கருவாடும் வைப்பார்கள்.

டிசம்பரில் காலை 11 மணிக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். முதல் வகுப்புகளெல்லாம் இருட்டில். சாயங்காலம் கரையில் ஒதுங்கிய கட்டைகளை எரித்து நீராவிக் குளியல், கூடை பின்னுதல், டமாரத்தோடு யுரக் நடனம்.

2025 அக்டோபரில் ஹலோங் சூறாவளியின் எச்சம் தெற்கே கிப்னுக், க்விகில்லிங்கோக் ஊர்களைத் தாக்கியது. வீடுகள் மிதந்து போயின, நூற்றுக்கணக்கானோரை விமானத்தில் ஆங்கரேஜ் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். செய்தியைப் பார்த்தபோது எனக்கு அந்த வீடுகளின் ஃப்ரீசர்கள்தான் கண்முன் நின்றன. அக்டோபர் என்றால் கடல்நாய், மீன், பழம் எல்லாம் சேர்ந்து அவை நிரம்பியிருக்கும் நேரம்.