மூன்று வருடம் படித்தவள் இன்னும் மூன்று வருடமா?

கேள்வி: என் மகள் டர்பனில் வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் பிஎஸ்சி கணிதம் கடைசி வருடம் படிக்கிறாள். மாஸ்டர்ஸ் முடித்தே தீருவேன் என்கிறாள். சென்னையில் என் நாத்தனார் மகன் பிஎஸ்சி முடித்த கையோடு எம்எஸ்சி சேர்ந்து, இரண்டே வருடத்தில் முடித்துவிட்டான். இங்கே தென்னாப்பிரிக்காவில் மட்டும் ஏன் நடுவில் ஆனர்ஸ் என்று ஒரு வருடம்? அதை விட்டுவிட்டு நேராகச் சேர முடியாதா?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: முடியாது, சகோதரி. தென்னாப்பிரிக்காவில் கணித மாஸ்டர்ஸுக்கு வாசலே ஆனர்ஸ்தான். அதற்காக உங்கள் மகள் ஒரு வருடத்தை இழக்கிறாள் என்று நினைக்காதீர்கள். நாத்தனார் மகன் எம்எஸ்சி முதல் வருடத்தில் படித்த டோப்பாலஜி, மெஷர் தியரி, இயற்கணிதம் போன்றவற்றைத்தான் இங்கே ஆனர்ஸில் படிப்பார்கள். அங்கே மூன்றும் இரண்டும் ஐந்து வருடம். இங்கே மூன்று, ஒன்று, அப்புறம் மாஸ்டர்ஸுக்கு ஒன்று முதல் இரண்டு. பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனர்ஸ் 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரம் என்று கணக்கு, ஆக 1200 மணி நேர உழைப்பு. அதில் 30 கிரெடிட்டாவது ஆய்வுத் திட்டமாக இருக்க வேண்டும். சேர்வதற்குக் கடைசி வருடக் கணிதப் பாடங்களில் சராசரியாக ஏறக்குறைய 60 சதவீதம் பல இடங்களில் எதிர்பார்க்கிறார்கள்.

நான் கவலைப்படுவது அந்தச் சராசரியைப் பற்றி அல்ல. மற்றக் கணிதப் பாடங்களில் அள்ளிய மதிப்பெண், ரியல் அனாலிசிஸில் வாங்கிய 52-ஐ மறைத்துவிடும். ஆனர்ஸில் அப்படி மறைக்க முடியாது. அங்கே கேட்பதெல்லாம் நிரூபணம். வகையீடு, தொகையீடு எல்லாம் வேகமாகப் போடும் பிள்ளைகள்கூட 'இந்தத் தொடர் ஏன் ஒருங்குகிறது, நிறுவு' என்றதும் திணறுகிறார்கள். ரியல் அனாலிசிஸ், இயற்கணிதம் இரண்டிலும் அவள் மதிப்பெண் என்ன என்று முதலில் கேளுங்கள். குறைவாக இருந்தால் திட்டாதீர்கள். பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒவ்வொரு தேற்றத்தையும் தானே எழுதிப் பார்க்கட்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் மீதியைச் சமாளித்துவிடுவாள்.

மாஸ்டர்ஸ் 180 கிரெடிட். முழுக்க ஆய்வேடாகவும் செய்யலாம். பாடங்களும் சிறிய ஆய்வேடும் சேர்ந்த வழியும் உண்டு. புதிய தேற்றம் கண்டுபிடித்தாக வேண்டுமோ என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். அந்த எதிர்பார்ப்பு முனைவர் பட்டத்துக்குத்தான். இங்கே ஒரு துறையை ஆழமாகப் புரிந்துகொண்டு, சிதறிக் கிடக்கும் முடிவுகளை ஒழுங்காகக் கோத்து எழுதத் தெரிய வேண்டும். அதை வெளிப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் படித்து மதிப்பிடுவார். ஆகவே வழிகாட்டி யார் என்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் அதற்கு அப்புறம்தான். ஆனர்ஸ் திட்டம் செய்யும்போதே அவரைக் கண்டுகொள்வது நல்லது.

பணம்? முதல் பட்டத்துக்குக் கைகொடுக்கும் அரசு நிதியுதவியான என்எஸ்ஃபாஸ் கணித ஆனர்ஸுக்கு வராது. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையான என்ஆர்எஃப் ஆனர்ஸுக்கும் மாஸ்டர்ஸுக்கும் உதவித்தொகை தருகிறது. ஆனால் படிப்பு தொடங்குவதற்கு முந்தின வருடமே விண்ணப்பம் போட வேண்டும், வயது வரம்பும் உண்டு. முதலாண்டு மாணவர்களுக்கு டியூட்டராக இருந்தும் கொஞ்சம் சம்பாதிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பதானால் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யுனிசாவில் தொலைதூரக் கல்வி இருக்கிறது. கேப்டவுன் பக்கம் மியூசன்பர்க்கில் 2003-இல் தொடங்கிய எய்ம்ஸ் என்ற ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனம், நான்கு வருடப் படிப்பு முடித்தவர்களுக்குக் கணித அறிவியலில் மாஸ்டர்ஸ் நடத்துகிறது. ஆனர்ஸ் முடிந்ததும் அங்கேயும் முயன்று பார்க்கலாம்.

ஒருவேளை நடுவில் மனம் மாறினாலும் ஆனர்ஸ் தனிப் பட்டமாக நிற்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வங்கி, காப்பீடு என்று வேலை தேடலாம். பிஜிசிஇ என்ற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழை முடித்தால் ஆசிரியராகலாம். இந்த வாரமே துறை அலுவலகத்துக்குப் போய், அடுத்த வருடம் என்னென்ன ஆனர்ஸ் பாடங்கள் நடக்கும், விண்ணப்பத்தின் கடைசித் தேதி எது என்று அவளைக் கேட்டு வரச் சொல்லுங்கள்.