செவ்வாய்க் கிரகத்துப் போஸ்டர்: அசலா, நகலா?

கேள்வி: 1953-ல் வந்த, செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியைத் தாக்கும் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் அசல் போஸ்டர் என்று ஆன்லைனில் ஒருவர் விற்கிறார். 24-க்கு 36 அங்குலம், மடிப்பே விழாமல் சுருட்டி வைத்ததாம், சான்றிதழும் தருகிறாராம். விலையும் கைக்கு அடக்கம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அளவைச் சொன்னதுமே விஷயம் முடிந்துவிட்டது. அமெரிக்கத் தியேட்டர்களில் வைத்த 'ஒன் ஷீட்' போஸ்டர் அந்தக் காலத்தில் 27-க்கு 41 அங்குலம். 24-க்கு 36 என்பது வீட்டுச் சுவரில் மாட்டக் கடைகளில் விற்கும் அளவு. அப்புறம், அன்றைய போஸ்டர்கள் பெரும்பாலும் எட்டாக மடித்துத்தான் தியேட்டருக்குப் போயின, அதனால் எழுபது வருடக் காகிதத்தில் ஒரு மடிப்புகூட இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

மடிப்பு இருந்தாலும் அதோடு நம்பிவிட வேண்டாம். அசல் போஸ்டரை அப்படியே படமெடுத்து அச்சடிக்கும்போது மடிப்புக் கோடும் சேர்ந்து அச்சாகிவிடும். அந்தக் கோட்டை நகத்தால் மெல்லத் தடவினால் வழுவழுவென்று இருக்கும். கீழே நடிகர், கலைஞர் பெயர்கள் வரும் பொடி எழுத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். அசலில் எழுத்து இடைவெளி இல்லாமல் மை நிரம்பி, ஓரம் கூர்மையாக இருக்கும், நகலில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். எனக்கு எந்தச் சான்றிதழையும்விட இந்தச் சோதனைதான் பெரிது, ஏனென்றால் அந்தச் சான்றிதழை விற்பவரே வீட்டில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

கீழ் ஓரத்தில் நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற விநியோக நிறுவனத்தின் வரியும் ஓர் எண்ணும் இருக்க வேண்டும். 53 என்று தொடங்கி ஒரு சாய்கோடு வந்தால் முதல் வெளியீடு. முன்னால் 'ஆர்' எழுத்து இருந்தால், உதாரணமாக ஆர் 65, அது மறுவெளியீட்டுக்கு அடித்தது. அதைப் போலி என்று ஒதுக்காதீர்கள், அதுவும் தியேட்டருக்குப் போன நிஜப் போஸ்டர்தான், விலை மட்டும் குறைவு. புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். முன்பக்கம், பின்பக்கம், கீழ் வலது மூலை மூன்றையும் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். அனுப்ப மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: செவ்வாய்வாசிகள் படையெடுப்பைக் காட்டும் 'மார்ஸ் அட்டாக்ஸ்' என்ற சேகரிப்புப் பட அட்டைகள் 55-ம் முழு செட்டாகக் கிடைக்கிறது. எல்லாம் பளபளவென்று புதுசு போல இருக்கின்றன. 1962-ல் வந்தவையாக இருக்குமா?

பதில்: பெரும்பாலும் இருக்காது. 1962-ல் டாப்ஸ் நிறுவனம் 'பபுள்ஸ்' என்ற பெயரில் சூயிங்கம்மோடு வெளியிட்ட அட்டைகள் இவை. ரத்தமும் எலும்புக்கூடுமாக இருக்கிறதே என்று பெற்றோர் கொதித்ததில் விற்பனை சீக்கிரமே நின்றது, அதனால்தான் அசலுக்கு இவ்வளவு கிராக்கி. பின்னால் 1994-லும் 2012-லும் டாப்ஸே மறுபதிப்பு போட்டது, வேறு பதிப்புகளும் உண்டு. ஆகவே பின்பக்கத்தில் எந்த நிறுவனம், எந்த வருடம் என்று அச்சாகியிருக்கிறது என்பதை ஒவ்வோர் அட்டையிலும் பாருங்கள்.

இன்னொன்று. சிறுவர்கள் அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்ததால் முதல் அட்டையும் 55-வது அட்டையும்தான் அதிகம் அடிபட்டவை. நடுவில் உள்ளவை நைந்திருக்க அந்த இரண்டு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் மாற்றி வைத்திருக்கிறார்களோ என்று கேளுங்கள். ஸ்கேலும் எடுத்துப் போங்கள்: அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். அதைவிடக் குறைந்தால், மழுங்கிய ஓரத்தை வெட்டிச் சரிசெய்திருக்கலாம், விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

கேள்வி: வாங்கிய பழைய போஸ்டரில் மடிப்பில் கிழிசல். செலோ டேப் ஒட்டலாமா?

பதில்: ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், எளிதில் எடுக்கவும் முடியாது. அமிலமில்லாத உறையில் தட்டையாக வைத்து, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.