கோத்தகிரிக் கடைக் கணக்கை கோவையிலிருந்து பார்க்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். பசுந்தேயிலை விவசாயிகளுக்குக் கடனுக்குத்தான் உரம் போகிறது. வரவு செலவெல்லாம் கடை கம்ப்யூட்டரில், டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. கோவையில் வேலை பார்க்கும் மகள் மாதம் இரண்டு முறை வந்து கணக்கை முடித்துத் தருவாள். மழையில் மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் அவளால் வர முடிவதில்லை. எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போட்டால் அங்கிருந்தே பார்க்கலாம் என்கிறாள். ஆனால் பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) ஒருவர் அதே ஆப்பை போனில் போட்டு, வங்கிப் பணத்தை இழந்தார். நான் போடலாமா?

பதில்: போடலாம். உங்கள் பயமும் நியாயமானதே. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பதால், இது எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள் கோவையில் உட்கார்ந்து டேலியைத் திறந்தாலும் டேலி ஓடுவது கோத்தகிரியில்தான். கடை கம்ப்யூட்டரின் திரையில் என்ன மாறுகிறதோ அந்தப் பகுதியின் படம் மட்டும் மலையிறங்கிப் போகிறது. அவள் தட்டும் எழுத்தும் மவுஸ் அசைவும் மலையேறி வருகின்றன. கணக்குக் கோப்பு கடையை விட்டு நகர்வதில்லை. டேலி திரை சினிமா போல ஓடிக்கொண்டே இருப்பதில்லை என்பதால் டேட்டா அதிகம் செலவாகாது. படத்தை அனுப்புவது கடை கம்ப்யூட்டர் என்பதால் கடையில் பார்க்க வேண்டியது டவுன்லோடு வேகத்தை அல்ல, அப்லோடு வேகத்தை. டேலிக்கு 1 எம்பிபிஎஸ் விடாமல் கிடைத்தால் போதும். சிக்னல் விட்டுவிட்டு வந்தால்தான் தொல்லை: தட்டிய எழுத்து இரண்டு விநாடி கழித்துத் தெரியும், அவள் மறுபடி தட்டுவாள், தொகை இரட்டிப்பாகப் பதிவாகும். அந்த மாதிரி நாளில் கணக்கில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

சிம் நெட்டில் இருக்கும் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து யாரும் நேராகத் தொடர்புகொள்ள முடியாது. ஒரே இணைய முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதனால் இந்த மென்பொருள்கள் வேறு வழி வைத்திருக்கின்றன. இரண்டு கம்ப்யூட்டர்களும் தாங்களாகவே வெளியே போய் அந்த நிறுவனத்தின் சர்வரில் சந்தித்துக்கொள்கின்றன. எனிடெஸ்கும் அதே வகையைச் சேர்ந்த டீம்வியூவரும் காட்டும் நீளமான எண் அந்தச் சந்திப்புக்கான அடையாளம். எந்த ரூட்டரையும் தொடாமல் இரண்டு நிமிடத்தில் இணைய முடிவது இதனால்தான். உங்கள் மகளுக்கு உதவும் அதே எளிமைதான் பக்கத்து ஹட்டிக்காரரை ஏமாற்றியவனுக்கும் உதவியது.

அவருக்கு என்ன சொல்லி போன் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்டவரை கதை பெரும்பாலும் ஒன்றுதான்: வங்கியில் உங்கள் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) காலாவதியாகிவிட்டது, அல்லது இன்று இரவு கரண்ட் இணைப்பு துண்டிக்கப்படும், ஓர் ஆப்பைப் போட்டு அதில் வரும் எண்ணைச் சொல்லுங்கள். ஆப் உண்மையானது, ப்ளே ஸ்டோரில் இருப்பது. அதனால் சந்தேகம் வருவதில்லை. எண்ணைச் சொல்லி, அனுமதியையும் அழுத்தியதும் திரை அவன் கண்ணுக்குப் போய்விடுகிறது. இந்த வகை மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.

"பார்க்கத்தானே விட்டேன், இயக்க விடவில்லையே" என்று பலர் சொல்கிறார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: பார்ப்பதே போதும். பல வங்கி ஆப்கள் திரைப் பகிர்வின்போது கருப்பாகத் தெரியும்படி செய்யப்பட்டவை. ஆனால் ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வரும். மேலே எட்டிப்பார்க்கும் அந்த அறிவிப்பு பல போன்களில் அவனுக்கும் தெரியும். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் வரும் ஸ்கிரீன் ஷேரிங்கில் மற்றவரால் எதையும் அழுத்த முடியாது. இருந்தும் அதில் ஓடிபியைப் படித்துவிடலாம். ஆண்ட்ராய்டில் "அக்சஸிபிலிட்டி" அனுமதியையும் கேட்டு வாங்கிவிட்டால் அவனே அழுத்தவும் முடியும்.

ஆகவே எந்த ஆப் என்பதைவிட, யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதே முதல் கேள்வி. உங்களுக்கு உதவி வேண்டும் என்று நீங்கள் மகளைக் கூப்பிடுகிறீர்கள், அது ஒன்று. முன்பின் தெரியாதவர் உங்களைக் கூப்பிட்டு, உங்களுக்குச் சிக்கல் இருக்கிறது என்று அவரே சொல்லி, அவரே தீர்க்கவும் வருகிறார், அது வேறு. எந்த வங்கியும் இப்படி ஆப் போடச் சொல்லாது.

பக்கத்து ஹட்டிக்காரர் இன்னும் புகார் தரவில்லை என்றால் இன்றே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் அழைக்கச் சொல்லுங்கள். வங்கிக்கும் எழுத்தில் தர வேண்டும். தன் கவனக்குறைவால் போன பணத்துக்கு, வங்கியிடம் தெரிவிக்கும்வரை வாடிக்கையாளரே பொறுப்பு, தெரிவித்த பிறகு நடக்கும் இழப்புக்கு வங்கி பொறுப்பு என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதி. எனவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. பணம் போய்க்கொண்டிருக்கும்போதே தெரிந்தால் முதலில் நெட்டை அணைக்க வேண்டும், பிறகு வேறு போனிலிருந்து பேச வேண்டும். பாஸ்வேர்டுகளையும் வேறு போனில்தான் மாற்ற வேண்டும்.

இப்போது உங்கள் கடைக்கு வருகிறேன். நீங்கள் கடையில் இருக்கும்போது மட்டும் மகள் பார்த்தால் போதும் என்றால் விண்டோஸ் 10, 11-க்கென்று மைக்ரோசாஃப்ட் தரும் குயிக் அசிஸ்ட் போதும். மகள் ஒரு குறியீட்டைச் சொல்வாள், நீங்கள் அதைத் தட்டி, அனுமதி கொடுப்பீர்கள். சில நிமிடங்களில் குறியீடு காலாவதியாகிவிடும். வேலை முடிந்து மூடியதும் கதவும் மூடிவிடும். எனக்கு இது பிடித்த வழி.

கடை பூட்டியிருக்கும்போதும் அவள் நுழைய வேண்டும் என்றால் கூகுள் தரும் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பைச் சொல்வேன். எனிடெஸ்கும் டீம்வியூவரும் நல்ல மென்பொருள்கள்தான், ஆனால் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். கடைக் கணக்கு வியாபாரம். கண்டுபிடித்தால் நடுவில் இணைப்பைத் துண்டிப்பார்கள், அது பெரும்பாலும் ஜிஎஸ்டி கடைசி நாளாக இருக்கும். குரோமுக்கு, கடைக்கென்று தனி கூகுள் கணக்கு ஒன்று தொடங்குங்கள். உங்கள் வங்கியோடு இணைந்த ஜிமெயில் வேண்டாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, அதன் ஒப்புதல் உங்கள் போனுக்கு வருமாறு வையுங்கள். மகள் முதல் முறை நுழையும்போது நீங்கள் "ஆம்" அழுத்துவீர்கள். அவளல்லாத வேறு யாருக்காகவும் அழுத்தக்கூடாது. குரோம் ரிமோட் டெஸ்க்டாப் கேட்கும் ரகசிய எண் (பின்) குறைந்தது 6 இலக்கம். பிறந்த நாள், கடை போன் எண் எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டருக்கும் பாஸ்வேர்டு இருக்கட்டும்.

விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பையும் யாராவது சொல்வார்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பு போட்ட கம்ப்யூட்டருக்குள் அதன் வழியே நுழைய முடியாது, ப்ரோ வேண்டும். அதைவிட முக்கியம், ரூட்டரில் 3389 என்ற கதவை (போர்ட்) திறந்துவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தக் கதவைத் தேடி இரவும் பகலும் இணையம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நுழைந்துவிட்டால், ஒரு நாள் காலையில் கணக்கெல்லாம் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு செய்தி மட்டும் திரையில் நிற்கும்.

மலையில் இன்னொரு சங்கதி கரண்ட். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடியில் நனைந்தால் நம் கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. சாலை அடைபடும் அதே நாளில் கரண்டும் போகும். அணைந்த கம்ப்யூட்டரை கோவையிலிருந்து எழுப்ப முடியாது. அதற்கு, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில், கரண்ட் திரும்பியதும் தானே இயங்கும்படி ஒரு வசதி உண்டு. பழுது பார்ப்பவரிடம் சொன்னால் 5 நிமிடத்தில் மாற்றித் தருவார். விண்டோஸில் "ஸ்லீப்" போகாதபடி வையுங்கள். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வைத்துவிட்டு ரூட்டரை மறந்துவிடுகிறார்கள். ரூட்டருக்கென்றே கையளவு யுபிஎஸ் கிடைக்கிறது. கணக்கின் நகலை வாரம் ஒரு முறை பென் டிரைவில் எடுத்து வீட்டில் வையுங்கள். மகள் எட்டிப் பார்க்க முடிகிறது என்பதற்காக, கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அவளால் எதையும் எடுத்துவிட முடியாது.

எல்லாம் போட்ட பிறகு, மழை பிடிக்கும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை கோவையில் இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் கடையில் டேலியை மூடிவிட்டு, யுபிஎஸ்ஸையும் மெயினையும் அணைத்து, 10 நிமிடம் கழித்துப் போட்டுவிட்டு, எதையும் தொடாமல் வெளியே வந்து நில்லுங்கள். அவள் உள்ளே வந்து, அன்றைய கடன் பாக்கியை போனில் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும்.