குழம்பு இருக்கிறது, சோறு இல்லை: இரவில் மீன் மட்டும் சாப்பிட்டால் போதுமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் கணவருக்கு 54 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை. இரவில் சோறு, சப்பாத்தி இரண்டையும் குறைக்கச் சொன்னார் மருத்துவர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மீன் பிடிக்கும். அதனால் மூன்று வாரமாக ராத்திரிக்கு மீனும் காய்கறியும் மட்டும் செய்கிறேன். குழம்பை வெறுமனே சாப்பிட முடியவில்லை என்கிறார். பத்து மணிக்கெல்லாம் பசி தாங்காமல் பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறார். இரண்டு நாள் உடம்பு வியர்த்தும் போனது. பக்கத்து வீட்டில் சிறுதானியத்துக்கு மாறச் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், தானியமே இல்லாத டயட் மாவு என்று மாதம் 4,500 ரூபாய்க்கு ஒரு பெட்டி தருகிறார். வாங்கலாமா? பத்தாவது படிக்கும் மகளுக்கும் இதையே கொடுக்கலாமா? கணவர் சாப்பிடும் மாத்திரைகள் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு."

மீனும் காய்கறியுமாக இரவுச் சாப்பாட்டை முடிப்பது நல்ல வழிதான். மாத்திரையின் அளவை மருத்துவர் சரிசெய்து தந்த பிறகு தாராளமாகத் தொடரலாம். ஆனால் நீங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிய மாத்திரையின் பெயரைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. இத்தனை நாள் இரவில் சாப்பிட்ட சோற்றையோ சப்பாத்தியையோ கணக்கில் வைத்துத்தான் அதன் அளவை எழுதியிருப்பார்கள். இப்போது சோறு இல்லை, மாத்திரை அப்படியே இருக்கிறது. அப்படியானால் பத்து மணிக்கு வருவது வெறும் பசியாக இல்லாமல், சர்க்கரை தாழ்ந்துபோவதாக இருக்கலாம். வியர்த்தது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை தருவது அதுதான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பயம் பெரிதாக இல்லை. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் இரவில் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. நிறுத்துவதற்கு முன் மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றித் தர வேண்டும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். பத்து மணிக்குப் பசி என்று சொன்னதும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். அந்த நேரத்தில் பிஸ்கட், சாக்லேட் வேண்டாம். அவற்றில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு மூன்று நாள் கணக்கைக் குறித்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரே ஒரு முறை 70-க்குக் கீழே காட்டினாலும் அடுத்த நாளே போய்விடுங்கள். போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பாதியாக உடைக்கவும் வேண்டாம். அவர் மாற்றித் தரும்வரை மீனோடு ஒரு சின்னக் கிண்ணம் சோறோ ஒரு இட்லியோ இருக்கட்டும். அதனால் உங்கள் மூன்று வார உழைப்பு வீணாகிவிடாது.

"சோற்றைக் குறையுங்கள்" என்று சொல்ல எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. குறைத்தால் இந்த மாத்திரையை என்ன செய்வது என்று சொல்லத்தான் நேரம் இருப்பதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் ஒரே அச்சடித்த தாள்தான். "இரவு: சப்பாத்தி 2" என்று இருக்கும். கடற்கரை ஊரிலிருந்து வந்தவருக்கும் அதே, கொல்லிமலையிலிருந்து வந்தவருக்கும் அதே. மீன் என்ற சொல்லையாவது சேர்க்கச் சொல்லி இரண்டு வருடம் கேட்டேன். அச்சடித்த கட்டு தீரட்டும் என்றார்கள். இரண்டு சப்பாத்தியில் ஏறக்குறைய 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, ஒரு கப் சோற்றில் 40 கிராமை ஒட்டி. கோதுமையும் தானியம்தான். அதற்குத் தனி மகிமை எதுவும் கிடையாது.

மீட்டரில் 100, 120 என்று சரியாகக் காட்டினால் அது உண்மையான பசி. அதற்கான காரணம் உங்கள் சட்டியில் இருக்கிறது.

நம் மீன் குழம்பு சோற்றுக்காகவே உண்டானது. ஒரு தட்டுச் சோற்றைப் பிசைந்து உள்ளே தள்ளுவதற்கு எவ்வளவு புளி, எவ்வளவு உப்பு, எவ்வளவு காரம் வேண்டுமோ அவ்வளவும் இரண்டு கரண்டிக் குழம்பில் இருக்கிறது. சோற்றை எடுத்துவிட்டு அந்தக் குழம்பை மட்டும் தட்டில் ஊற்றினால் யாராலும் சாப்பிட முடியாது. உங்கள் கணவர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. சோற்றுக்குப் பதிலாக எதைப் போடலாம் என்று தேடுவதை விட்டுவிட்டுக் குழம்பை மாற்றுங்கள். புளியைப் பாதியாக்கித் தக்காளியைக் கூட்டுங்கள். உப்பும் மிளகாய்த்தூளும் பாதி போதும். முருங்கைக்காய், கத்திரிக்காய், மாங்காய், வெள்ளைப்பூசணி என்று காயைக் குழம்புக்குள்ளேயே அள்ளிப் போடுங்கள். கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். அது கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் சாப்பிடும் பதத்துக்கு வந்துவிடும்.

இன்னும் எளிது, கன்னியாகுமரிப் பக்கத்து நெத்திலி அவியல். அரைக் கிலோ நெத்திலியை ஆய்ந்து கழுவி வைத்துக்கொள்ளுங்கள். கால் மூடித் தேங்காய், ஏழெட்டுச் சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள் இவற்றைக் கொரகொரப்பாக அரைத்து, மாங்காய்த் துண்டு, முருங்கைக்காய், கீறிய பச்சை மிளகாயோடு மண்சட்டியில் போட்டுக் கையாலேயே பிசறுங்கள். ஒரு கை தண்ணீர் தெளித்து, காய் முக்கால் பதம் வெந்ததும் நெத்திலியைப் பரப்பி மூடுங்கள். சிறு தீயில் ஏழெட்டு நிமிடம். கரண்டி போடாதீர்கள், மீன் கூழாகிவிடும். சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். இறக்கும்போது கறிவேப்பிலையும் ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெயும். புளிப்புக்கு மாங்காய் இருப்பதால் புளி வேண்டாம். வெறுமனே சாப்பிட இதைவிடப் பொருத்தமான மீன் பதார்த்தம் எனக்குத் தெரியாது.

மீன் புட்டும் அப்படித்தான். சதைப்பற்றான மீனை மஞ்சள் போட்டு வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, வெங்காயம், இஞ்சி, பூண்டோடு வதக்குவது. மீன் வறுவலுக்கு அரிசி மாவோ சோள மாவோ தேவையே இல்லை. மீனைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். மசாலா தடவி அரை மணி நேரம் வையுங்கள். தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டுக் கறிவேப்பிலையைப் பரப்பி, அதன் மேல் மீனை வைத்து நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். ஒட்டாது, மசாலாவும் உதிராது. கடையில் வாங்கும் வறுவல் மசாலாவில் பெரும்பாலும் ஏதாவது ஒரு மாவு கலந்திருக்கும்.

அளவையும் பாருங்கள். இத்தனை வருடம் ஒரு துண்டு மீனைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிட்ட வயிற்றுக்கு அதே ஒரு துண்டு போதாது. சுத்தம் செய்த மீனாக 150 கிராமிலிருந்து 200 கிராம் வரை அவருக்கு வேண்டும். அதில் 30 கிராமை ஒட்டிப் புரதம் கிடைத்துவிடும். கூடவே இரண்டு கப் பொரியல்: முட்டைகோஸ், அவரை, வாழைத்தண்டு, கீரை, எது கிடைக்கிறதோ அது. தட்டில் முதலில் பொரியலைப் பரப்பி அதன் மேல் மீனையும் குழம்பையும் ஊற்றுங்கள். கண்ணுக்கும் தட்டு நிறைந்த மாதிரி இருக்கும்.

அடுத்தது சிறுதானியம். பெயரிலேயே தானியம் இருக்கிறது. நூறு கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் தினை, சாமை, வரகு, கம்பில் 60-லிருந்து 67 கிராம் வரை இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல், நல்ல உணவு, மறுக்கவில்லை. ஆனால் சோற்றுக்குப் பதில் சாமைச் சோறு என்று தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு மாதக் கடைசியில் சர்க்கரை இறங்கவில்லையே என்று வருகிறவர்களை வாரத்தில் நான்கு பேராவது பார்க்கிறேன்.

அந்த 4,500 ரூபாய்ப் பெட்டியை வாங்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இப்படிப்பட்ட மாவுப் பொட்டலங்களை நோயாளிகள் என் மேசையில் கொண்டுவந்து வைக்கிறார்கள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் மரவள்ளி மாவு, ஜவ்வரிசி மாவு, உருளைக்கிழங்கு மாவு என்று இருக்கும். தானியம் இல்லை என்பது உண்மைதான். மரவள்ளி கிழங்குதானே! ஆனால் பச்சை மரவள்ளிக் கிழங்கில் நூறு கிராமுக்கு 38 கிராம் மாவுச்சத்து, சோற்றில் 28. காயவைத்து மாவாக்கினால் பெரும்பகுதி மாவுச்சத்துதான். சர்க்கரைக்காரருக்குத் தானியத்தின் பெயர் முக்கியமில்லை, மாவுச்சத்தின் அளவுதான் முக்கியம். மீனுக்கு மரவள்ளி நல்ல ஜோடி என்பதால் அதைப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவதும் இதே கணக்கில்தான் வரும்.

எந்தப் பொட்டலத்திலும் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயரைப் படித்தாலே சங்கதி தெரிந்துவிடும். ஆனால் அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதினால் போதும் என்றும் அதே விதி சொல்கிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு அம்மா தன் கணவருக்கு வாங்கும் சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரைக் கேட்பார்? விற்கிறவரைத்தான் கேட்க வேண்டும். மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சேர்மானமே அச்சிடாத பொட்டலமாக இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

மீன் வாங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். இரவுச் சமையலுக்கு என்று சாயங்காலம் போய் வாங்காதீர்கள். திருச்சிக்கு மீன் நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கமிருந்து வர வேண்டும். காலையில் இறங்கிய மீன், ஐஸ் உருகிப் பலகையில் மாலைவரை கிடந்தால் என்ன ஆகும்? மத்தி, கானாங்கெளுத்தி, சூரை ஆகிய மூன்றும் குளிர்ச்சி இல்லாமல் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும் அது போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று பழியை உடம்பின் மேல் போட்டுவிடுவோம். சத்தும் மலிவும் சேர்ந்த மீன்கள் இவைதான், அதனால்தான் சொல்கிறேன்: காலையில் வாங்கி, கழுவி, மசாலா தடவி, அன்று இரவுக்கானதைக் கீழ்த்தட்டிலும் மற்றதை ஃப்ரீஸரிலும் வைத்துவிடுங்கள். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை எழும்ப வேண்டும். மீன் வாடையே இல்லாமல் விறைப்பாக இருக்கும் மீனையும் வாங்காதீர்கள். 2018-இல் கேரளச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் என்ற, கெடாமல் வைக்கும் ரசாயனம் கலந்த மீனை லாரி லாரியாகப் பிடித்தார்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதைக் கண்டுபிடிக்கக் காகிதப் பட்டைச் சோதனையே உருவாக்கியது. நம் மார்க்கெட் ஒவ்வொன்றிலும் அது ஒரு மேசை போட்டு வைக்கப்பட்டிருக்க வேண்டாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளும் "இன்று காலை பிடித்த வஞ்சிரம்" என்று யாராவது மலை மலையாகக் குவித்து வைத்திருந்தால் ஒரு நிமிடம் யோசியுங்கள். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், மற்றது தூரத்திலிருந்தோ ஐஸ் கிடங்கிலிருந்தோ வந்ததாக இருக்கும். அந்த மாதங்களில் உயிரோடு விற்கும் விரால், ஜிலேபி, அணைக்கட்டுக் கட்லா வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. முள்ளே இல்லாத வெள்ளை மீன் துண்டுகள் பெரிய கடைகளில் கிடைக்கும். அவற்றில் பல பாசா என்னும் வளர்ப்புக் கெளுத்தி. கெடுதல் இல்லை, ஆனால் மத்தி மீனில் இருக்கும் நல்ல கொழுப்பு அதில் சொற்பம். அதற்கு வஞ்சிரம் விலை கொடுக்காதீர்கள். உறைந்த இறால் பாக்கெட்டில் பனிக்கட்டிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம், எடையைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

மகளைக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வளரும் பிள்ளை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, அவள் வயிறாரச் சோறு சாப்பிடட்டும். அவளுக்கு அரை ஆழாக்கு அரிசி தனியாக வையுங்கள். குழம்பில் அப்பாவுக்கு எடுத்த பிறகு, மீதியில் கொஞ்சம் உப்பும் புளிக்கரைசலும் சேர்த்து இன்னொரு கொதி விட்டால் அவளுடைய சோற்றுக்குச் சரியாக இருக்கும்.