நிலாவெளியில் டைவ் அடித்துவிட்டு அன்றிரவே நுவரெலியாவா?

கேள்வி: எனக்கு 27 வயது. கண்டியில் ஒரு தனியார் கம்பனியில் வேலை. வீடு நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா இல்லை. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். தங்கச்சி ஏ.எல். படிக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த காசில் செப்டெம்பரில் மாலைதீவுக்கு ஸ்கூபா டைவிங் போகப் போகிறேன். ஆறு இரவும் படகிலேயே தங்கும் லிவ்அபோர்ட் பயணம். சீசன் இல்லாத நேரம் என்பதால் விலை குறைவு. ஓப்பன் வோட்டர் என்ற முதல் நிலை டைவிங் சான்றிதழைப் போன வருடமே எடுத்துவிட்டேன். ஓகஸ்டில் ஒரு ஞாயிறு நிலாவெளியில் இரண்டு டைவ் அடித்துப் பழகிக்கொண்டு அன்றிரவே வீட்டுக்கு ஏறிவிடுவேன், அம்மா தேட மாட்டார். மாலைதீவுப் பயணத்தைக் கொழும்பில் ட்ரெயினிங் என்று சொல்லி வைத்திருக்கிறேன், தெரிந்தால் பயப்படுவார். குறைந்த செலவில் எப்படித் தயாராவது? சாமான்களை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? நல்ல படகை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தம்பி, படகுக்கும் சாமானுக்கும் பதில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். "அன்றிரவே வீட்டுக்கு ஏறிவிடுவேன், அம்மா தேட மாட்டார்."

வீட்டுக்குச் சொல்லாமல் எங்கேயோ போகும் பிள்ளைகளின் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஒருவர் வெளிநாட்டு வேலைக்கு, ஒருவர் பதிவுத் திருமணத்துக்கு, நீங்கள் கடலுக்கு. மற்றவர்களின் பொய் வீட்டுக்குத்தான் கேடு. உங்களுடைய பொய் உங்கள் உடம்புக்கும் கேடு. அது எப்படி என்று உங்களுக்குத் தெரியவில்லை, அதனால்தான் அந்த வரியை இவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்.

ஓப்பன் வோட்டர் வகுப்பில் சொல்லித்தான் இருப்பார்கள். கடலில் பத்து மீற்றர் இறங்கினால் உடம்பின் மேல் உள்ள அழுத்தம் இரண்டு மடங்காகிறது. பதினெட்டு மீற்றரில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் மூட்டிலும் கரைந்து நிற்கிறது. மேலே வந்தவுடன் அது போய்விடுவதில்லை. மணிக்கணக்காக, மெதுவாக, மூச்சு வழியே வெளியேறுகிறது. அதற்கு முன் சுற்றியுள்ள அழுத்தம் இன்னும் குறைந்தால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். டைவ் முடித்து உடனே விமானம் ஏறக்கூடாது என்பது இதனால்தான். ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் அடித்தவர் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது சுழியோடிகள் பின்பற்றும் விதி.

இந்த விதியை வைத்தவர்கள் எந்த உயரத்தை மனதில் வைத்தார்கள் தெரியுமா? விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம், 600 மீற்றரிலிருந்து 2,400 மீற்றர் வரையான மலை உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமம். 18 மணி நேரக் கணக்கு அதற்குத்தான். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். உங்கள் தோட்டம் அதைவிடக் கொஞ்சம் இறக்கமாக இருக்கலாம், பெரிய வித்தியாசமில்லை. ஆக, நீங்கள் விமானத்தில் ஏறவில்லையே தவிர விமானத்துக்குள்தான் வசிக்கிறீர்கள். கண்டியில் வாங்கிய சிப்ஸ் பக்கட் றம்பொடை ஏறும்போது பஸ்ஸில் உப்பி நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். அதே காரியம்தான் உங்கள் தோள்மூட்டிலும் நடக்கலாம்.

நிலாவெளியில் உங்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் டைவ் மாஸ்டர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்: "நாளைக்கு ஃப்ளைட் இருக்கிறதா?" இல்லை என்பீர்கள். அது உண்மைதான். உன் வீடு மலையிலா என்று அவர் கேட்க மாட்டார். அவரிடம் வருபவர்களில் அநேகம் பேர் கொழும்புக்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள். நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. நீங்களோ அன்று யாருக்கும் எதுவும் சொல்லாமல் வந்திருக்கும் ஆள்.

இனி அந்த ஞாயிறை யோசித்துப் பாருங்கள். பகலில் டைவ் முடிகிறது. தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று ஏழெட்டு மணி நேரம் பஸ். இரவு லயத்துக்கு வந்து சேரும்போது முழங்கை, தோள் எல்லாம் ஆழமாக வலிக்கத் தொடங்குகிறது. விரல் நுனி மரத்துப் போகிறது. என்ன செய்தாலும் போகாத அசதி. அம்மா பார்த்துவிட்டு, "கண்டியில் மழையில் நனைந்தாயா?" என்கிறார். ஆமாம் என்கிறீர்கள், வேறு என்ன சொல்வது? சித்தாலேப தடவி, கொத்தமல்லி அவித்துக் கொடுத்துப் படுக்க வைக்கிறார். விடிந்தும் குறையாவிட்டால் தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கேயும் தசைப்பிடிப்பு என்று ஒரு மாத்திரை. உண்மையில் உங்களுக்கு வேண்டியது தூய ஒட்சிசனும், பிறகு உடம்பை மறுபடி அழுத்தத்துக்குள் வைத்து மெல்ல விடுவிக்கும் அந்த விசேட அறையும். 1990க்கு அடித்து அம்பியூலன்ஸ் வந்தாலும், இவன் நேற்றுக் கடலுக்குள் இருந்தான் என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. நீங்கள் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

நான் அம்மாவை இதற்குள் இழுப்பது பாசத்தைக் காட்டி உங்களை மிரட்ட அல்ல. உங்களுக்கு ஏதாவது ஆனால் முதலில் கையில் பிடிக்கப்போகிறவர் அவர். அவர் கையில் தவறான தகவலைக் கொடுத்துவிட்டீர்கள்.

பயப்படுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்படட்டும். இருபத்தேழு வருடமாகப் பயந்து பயந்து வளர்த்தவர்தானே? சிறுத்தை நடமாடும், மண் சரியும், அட்டை கடிக்கும் மலையில் கூடை சுமக்கிற மனுஷிக்கு, மகன் கடலுக்குப் போகிறான் என்ற செய்தியைத் தாங்கும் சக்தி இல்லை என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? திட்டுவார். இரண்டு நாள் பேசமாட்டார். மூன்றாம் நாள் தங்கச்சியிடம், "அவன் எத்தனை மணிக்கு வந்து இறங்குவான்?" என்று கேட்பார்.

எனக்கென்னவோ நீங்கள் மறைப்பது கடலை அல்ல, காசை என்றுதான் படுகிறது. கடிதத்தில் தங்கச்சியின் ஏ.எல். வருகிறது, அம்மா இன்னும் வேலை செய்வது வருகிறது. பயணத்தின் விலை மட்டும் வரவில்லை. "குறைவு" என்று சொல்லி நகர்ந்துவிட்டீர்கள். அந்தத் தொகையை அம்மாவின் முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறது, அதுதான் விஷயம்.

சரி, அதையும் நேராகவே பேசுவோம். தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு இந்த ஆசை என்று கேட்பவர்களோடு நான் ஒருநாளும் சேர மாட்டேன். உழைத்த காசில் பவளப் பாறையையும் மந்தா திருக்கையையும் பார்க்க மற்றவனுக்கு இருக்கும் உரிமை உங்களுக்கும் இருக்கிறது. ஆனால் வீட்டில் மூத்த ஆண் நீங்கள். தங்கச்சியின் டியூஷன், பரீட்சை முடியும் வரையான செலவு, அம்மாவுக்கு நோய் வந்தால் எடுக்க ஒரு தொகை, இவற்றை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவது உங்களுடையது. அதில் யாரும் கணக்குக் கேட்க முடியாது, நானும் கேட்க மாட்டேன். மிஞ்சுவது போதாவிட்டால் அடுத்த வருடம் போங்கள். மாலைதீவு எங்கேயும் போய்விடாது.

நம் சனம் இந்த மலைக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். ஊரில் காத்திருந்த தாய்க்கு மகன் எங்கே விழுந்தான் என்று கடைசி வரை தெரியாது. அன்று சொல்ல வழியில்லை. உங்கள் சட்டைப் பையில் ஃபோன் இருக்கிறது.

இனி நீங்கள் கேட்டவை.

வாங்குவதானால் இரண்டு மட்டும் வாங்குங்கள். ஒன்று உங்கள் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், மற்றது ஆழத்தையும் நேரத்தையும் வைத்து நைதரசனைக் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர். படகில் ஒரு நாளைக்கு மூன்று டைவ் இருக்கும், ஒரு டைவில் மிஞ்சிய நைதரசனின் மேல் அடுத்த டைவின் நைதரசனும் கூடும். அந்தக் கணக்கை உங்கள் கையில் கட்டியிருக்கும் கருவிதான் வைத்திருக்க வேண்டும், பக்கத்தில் நீந்துபவனின் கருவி அல்ல. தண்ணீருக்கு மேலே வரும்போது ஊதி நிமிர்த்தும் அடையாள பலூன் ஒன்றும் தேவை. மாலைதீவில் நீரோட்டம் உங்களைப் படகிலிருந்து தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். மற்றதெல்லாம் வாடகை போதும். முன்பே அளவைச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓப்பன் வோட்டர் சான்றிதழ் 18 மீற்றருக்குத்தான். மாலைதீவில் பொழுதுபோக்குக்காக டைவ் அடிப்பவர்களுக்குச் சட்ட எல்லை 30 மீற்றர். மீன் நிறைந்த கால்வாய்கள் பல இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஆழத்தில், வேகமான நீரோட்டத்தில் இருக்கின்றன. அதனால் பல படகுகள் அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் சான்றிதழ் கேட்கும். கேட்காத மலிவுப் படகு என்றால் சந்தோஷப்படாதீர்கள், ஏன் கேட்கவில்லை என்று கேளுங்கள். செப்டெம்பரில் கடல் ஆடும், விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். வாந்தி மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும், எது தூக்கம் வர வைக்கும் என்று மருத்துவரிடம் கேட்டு, வீட்டில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். அப்புறம், மலைக்காரருக்குத் தடிமன் விட்டு விட்டு வரும். மூக்கடைப்போடு இறங்கினால் காதுச் சவ்வு கிழியலாம். மருந்தால் அடைப்பை எடுத்துக்கொண்டு இறங்குவதும் வேண்டாம், அடியில் இருக்கும்போது மருந்தின் வேலை முடிந்துவிட்டால் மேலே வருவது பெரும் பாடு.

படகைப் பற்றி. 2019 செப்டெம்பர் 2ஆம் திகதி கலிபோர்னியாவில் ஒரு டைவ் படகு இரவில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேர் இறந்தார்கள். சுற்றிப் பார்க்க இரவுக் காவல் ஒருவரும் விழித்திருக்கவில்லை. ஆகவே காசு கட்டுமுன் கேளுங்கள்: இரவு முழுவதும் விழித்திருப்பவர் யார்? தூங்கும் அறையிலிருந்து இரண்டாவது வழி எங்கே? பட்டறி சார்ஜ் பண்ணுவது எந்த இடத்தில்? ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா? இதற்கு எழுத்தில் பதில் தராத படகு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். விளம்பர விலையில் சேராதவையும் உண்டு: தலைக்கும் நாளுக்கும் கணக்கிடும் பசுமை வரி, சாமான் வாடகை, பணியாளர்களுக்கான சந்தோஷப் பணம். அனைத்தையும் கூட்டி வரும் தொகைதான் விலை. டைவிங்கைச் சேர்த்துக்கொள்ளும் காப்புறுதியும் அதற்குள் வர வேண்டும், சாதாரணப் பயணக் காப்புறுதியில் அது விடுபட்டிருப்பது வழமை.

படகுக்காரர் ஒரு மருத்துவப் படிவம் அனுப்புவார். ஆஸ்துமா, காது, நெஞ்சு, பழைய சத்திரசிகிச்சை என்று கேட்டிருக்கும். மூன்று வயதில் உங்களுக்கு இழுப்பு வந்ததா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். எதற்காவது ஆம் என்று வந்தால் மருத்துவரிடம் போய்க் கையெழுத்து வாங்குங்கள். அவசரத் தொடர்பு என்ற இடத்தில் நண்பன் பெயர் வேண்டாம், தங்கச்சியின் நம்பரை எழுதுங்கள். படகின் பெயர், ஏஜண்டின் நம்பர், திரும்பும் விமானம் எல்லாம் அவளிடம் இருக்கட்டும். நடுக்கடலில் சிக்னல் கிடைக்காத நாட்கள் இருக்கும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நிலாவெளி டைவ்வைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றுங்கள். அன்றும் ஞாயிறு இரவும் கடற்கரையிலேயே தங்கி, திங்கள் லீவு போட்டு மலை ஏறுங்கள். இடையில் கண்டியில் படுத்தால் போதாதா என்று கேட்காதீர்கள், கண்டியும் கிட்டத்தட்ட 500 மீற்றர் உயரம், நான் சொன்ன 600 மீற்றரை நெருங்கிவிடுகிறது. டைவ் மாஸ்டரிடம் வீடு எங்கே என்று சொல்லுங்கள்.

அம்மாவிடம் இந்த ஞாயிறே பேசுங்கள். பகல் சாப்பாடு முடிந்து, தங்கச்சியும் இருக்கும்போது. ட்ரெயினிங் என்று சொன்னது பொய் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். படகின் படத்தைக் காட்டுங்கள். டியூஷனுக்கு எடுத்து வைத்த காசைக் காட்டுங்கள். எவ்வளவு முடியும் என்று அவர் கேட்டால், சரியான தொகையைச் சொல்லுங்கள்.