பதில்: ஆலிவ் தோட்டத்தில் பேச ஆளில்லை

இத்தாலிக்கு ஆலிவ் பறிக்கத் தன்னார்வலராகப் போய்ப் பத்து நாளாகியும் மொழி தெரியாமல் தனியாகவே இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே டஸ்கனி பகுதியில் ஒரு நவம்பரில் நானும் அப்படித்தான் இருந்தேன். கிளையைக் கோதிக் காய் உதிர்க்கிற கைச்சீப்பை எடுத்துக்கொண்டு ஓரத்து மரத்துக்கு ஒதுங்கிவிடாதீர்கள். நான் செய்த தப்பு அது. வலை இழுக்கிற இடத்துக்குப் போங்கள். மரத்தடியில் விரித்த வலையை ஒற்றை ஆளால் சமாளிக்க முடியாது. எதிர்முனைக்காரர் தூக்கும்போது நீங்களும் தூக்கினால்தான் காய் நடுவில் உருண்டு சேரும். அவசரப்பட்டால் "பியானோ, பியானோ" என்பார்கள். மெதுவாக என்று அர்த்தம், வாத்தியம் இல்லை!

அப்புறம், பறித்த காய் சூடேறிக் கெடுவதற்குள் ஆட்ட வேண்டும் என்பதால் சாயங்காலம் செக்குக்கு வண்டி கிளம்பும். பெட்டிகளை ஏற்றிவிட்டு நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். அங்கே சுட்ட ரொட்டியில் புது எண்ணெய் ஊற்றித் தந்தார்கள். தொண்டை காறி எனக்கு இருமல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் என் பெயரைக் கேட்டார்கள்.